நாளைக்கு வரச்சொன்ன பேய்கள்

தொண்ணூறுகளில் பெங்களூரில் ஒரு பேய் ராத்திரி நேரத்தில் வீடு வீடாக வந்து கதவைத் தட்டியது. அலறாது, பல்லைக் காட்டாது. உள்ளே படுத்திருப்பவருடைய அம்மா குரலில், இல்லாவிட்டால் பெண்டாட்டி குரலில், பெயரைச் சொல்லிக் கூப்பிடும். எழுந்துபோய்த் திறந்தவர் பிழைக்க மாட்டார் என்றார்கள். அதற்கு ஊர் கண்டுபிடித்த வைத்தியம், கதவில் ‘நாளே பா’ என்று கன்னடத்தில் எழுதிவைப்பது. நாளைக்கு வா. பேய் வரும், படிக்கும், சரியென்று போய்விடும். மறுநாள் வந்தால் அதே எழுத்து அதே இடத்தில் இருக்கும். மந்திரவாதிக்குக் காசு கொடுக்காமல், கோழி அறுக்காமல், கடன்காரனுக்குச் சொல்லும் சாக்கையே சொல்லி ஒரு நகரம் பேயைச் சமாளித்தது.

அல்சூரில் எங்கள் லைன் வீடுகளின் கதவில் அதை எழுதியது நான். ஸ்கூலில் கன்னடம் படிக்கிற பையன் என்று பெரியவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பச்சை பெயின்ட் அடித்த பலகைக் கதவு. ஆயா சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது. “இன்னும் கொஞ்சம் பெருசா எழுதுடா, அதுக்குக் கண்ணு தெரியலன்னா என்னா பண்றது” என்றது. சாக்பீஸ் எழுத்து பனியில் கலைந்துவிடுகிறது என்று அடுத்த நாள் காவியைக் குழைத்துக் கொடுத்தார்கள். தையல்கார பாய் வீட்டுக் கதவுக்கு வந்தபோது, உருதுவிலும் ஒரு வரி போட்டுவைக்கலாமா என்று பாய் யோசித்தார். எதிர்வீட்டு அஜ்ஜி விடவில்லை. இந்த ஊர்ப் பேய்க்கு இந்த ஊர் எழுத்துதான் தெரியும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

கதவைத் தட்டும் சத்தத்துக்குப் பயப்பட எங்கள் தெருவுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும் நகரத்தில் தமிழர்கள் மேல் கலவரம் மூண்டது. தெருமுனை மளிகைக்காரர் தமிழில் எழுதிய பலகையைக் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தார். அந்த நாட்களில் பொழுது சாய்ந்தபின் யார் தட்டினாலும் உள்ளிருந்து ஒரு குரல் வராது. லாந்தர் திரியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்போம். அஜ்ஜிதான் வாசற்படியில் உட்கார்ந்து, தெருவில் வந்தவர்களிடம் கன்னடத்தில் பேசி அனுப்பினார். அதே பத்தாண்டில் பேய் வந்து தட்டியபோது, அதையும் கன்னடத்திலேயே திருப்பியனுப்பினோம்.

லைன் வீடு என்றால் தெரியாதவர்களுக்காக: நடுவில் நீளமாக ஒரு முற்றம், இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், ஒரே குழாய், கடைசியில் கக்கூஸ். கன்னடக்காரர்கள் வடாரம் என்பார்கள். 1809இல் வெள்ளைக்காரன் இங்கே கன்டோன்மென்ட் போட்டதிலிருந்து பட்டாளத்தோடும் பட்டாளத்துக்குப் பின்னாலும் வந்த தமிழர்கள் நிறைந்த பகுதி இது. மெட்ராஸ் சாப்பர்ஸ் இன்றைக்கும் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. எங்கள் ஆயா திருவண்ணாமலைப் பக்கம். எதிரில் ஹுப்ளி அஜ்ஜி. அவர் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தவர். மூலை வீட்டில் பாயம்மா. குழாய்க்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்த மலையாளத்து நர்ஸக்கா. கடைசி வீட்டில் ஒரு சட்டைக்காரம்மா, எப்போதும் பூப்போட்ட கவுனில். கரன்ட் போனால் எல்லாரும் முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் கரன்ட் நாள் தவறாமல் போனது.

கதை என்று சொல்லிக்கொண்டு யாரும் ஆரம்பித்ததில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு, அவரை உரித்துக்கொண்டு, பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டு யாராவது ஒருத்தர் தொடுப்பார். ஆயாவின் கையிருப்பில் முனி முதலில் வரும். உச்சி வேளையிலும் நடுராத்திரியிலும் முனி தன் பாட்டையில் போகும், அந்தத் தடத்தில் படுத்தவன் எழுந்திருக்க மாட்டான். சுருட்டு வாசனை வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். ராத்திரியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் குரலுக்கு ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது, மூன்றாவது குரலுக்குத்தான். வங்காளத்தில் ‘நிஷி’ என்று ஒரு பேய் இருப்பதையும், அது வேண்டியவர் குரலில் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது என்பதையும் பின்னாளில் படித்தபோது, ஆயாவுக்கு இந்தச் சட்டம் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று ஆச்சரியப்பட்டேன்.

பாயம்மாவிடம் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று ஜின். அது மரத்தில் குடியிருக்கும், சுத்தத்தைப் பார்க்கும், இனிப்பு என்றால் உயிர். கடை கட்டும் நேரத்தில் வெள்ளை உடுப்பில் வந்து மிட்டாய்க்கடை முழுவதையும் வாங்கிக்கொண்டு போகும். இன்னொன்று சுடேல். பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும், அதனால் அதன் காலடித் தடத்தைப் பார்த்துத் தப்பி ஓடுகிறவன் நேராக அதன் கையிலேயே போய் விழுவான். நர்ஸக்காவின் யட்சி பாலைமரத்தடியில் நின்று, வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கையால் கொடுத்தால் போச்சு, கத்தி முனையில் வைத்து நீட்ட வேண்டும். யட்சியை அடக்கிய கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் கதையைச் சொல்லும்போது மட்டும் நர்ஸக்காவின் குரல் கொஞ்சம் உயரும், ஏனென்றால் அவரும் கிறிஸ்தவர். சட்டைக்காரம்மா தலையில்லாத வெள்ளைக்காரச் சிப்பாய் குதிரையில் போவதைச் சொல்வார். அதற்கு யாரும் பெரிதாகப் பயந்ததில்லை. தலையே இல்லாதவன் நம்மை எப்படிப் பார்ப்பான் என்று ஆயா கேட்டுவிட்டது.

அஜ்ஜியின் பாகீரதி கதை இவற்றில் எதனோடும் சேராது. அதில் பேயே கிடையாது. ஆனால் அந்தக் கதை நடந்த ராத்திரிகளில்தான் நான் ஆயாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். ‘கெரெகெ ஹார’ என்று வடகர்நாடகத்தில் பெண்கள் பாடும் கதைப்பாட்டு அது. கல்லனகேரி ஊர் கவுடர் ஏரி வெட்டுகிறார். எவ்வளவு ஆழம் போனாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊறவில்லை. ஜோசியர் பார்த்துச் சொல்கிறார், மருமகள் ஒருத்தியைப் பலி கேட்கிறது என்று. மூத்த மருமகளைக் கொடுத்தால் வீட்டை யார் பார்ப்பது? கடைசி மருமகள் பாகீரதி என்று முடிவாகிறது. அவள் புருஷன் படையில், தூர தேசத்தில்.

பாகீரதிக்குத் தெரிந்துவிடுகிறது. தாய் வீட்டுக்குப் போகிறாள். ஏனம்மா முகம் வாடியிருக்கிறது என்று கேட்கிறார்கள், ஏதேதோ சொல்லித் தேற்றுகிறார்கள். தன்னைப் பலி கொடுக்கப்போகிறார்கள் என்று அவளால் பெற்றவர்களிடம் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்துவிடுகிறாள். வீட்டில் கல்யாணத்துக்குச் சமைப்பதுபோல் சமைக்கிறார்கள். எல்லாரும் கங்கை பூஜைக்கு ஏரிக்குள் இறங்குகிறார்கள், பூஜை செய்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். பாதி வழியில், ஐயோ தங்கக் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டோமே என்று ஒரு குரல். போய் எடுத்து வா என்று சின்னவளை அனுப்புகிறார்கள்.

அஜ்ஜி இந்த இடத்தில் கையை நிறுத்திவிடுவார். அவரைக்காய் மடியில் அப்படியே கிடக்கும். பிறகு விரலை மடக்கி மடக்கிச் சொல்வார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒரு படி ஏறினாள், தண்ணீர் பாதத்தைத் தொட்டது. இன்னொரு படி, பாதம் முழுகியது. இன்னொன்று, முழங்கால். இன்னொன்று, இடுப்பு. அடுத்த படியில் ஏரி நிறைந்துவிட்டது. படையிலிருந்து மாதேவராயன் கெட்ட கனா கண்டு குதிரையேறி ஓடி வருகிறான். பெண்டாட்டி எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பொய் சொல்கிறார்கள். உண்மை தெரிந்ததும் அவனும் அதே ஏரியில் குதிக்கிறான். அஜ்ஜி கதையை முடித்துவிட்டு, உரித்த அவரையை முறத்தில் கொட்டி எழுந்துகொள்வார். மருமகளாக வந்த பெண்கள் யாரும் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். அடுத்து ஆயா நல்லதங்காளை ஆரம்பிக்கும். பஞ்சத்துக்குத் தாய் வீடு தேடி வந்து, அண்ணி மூளி அலங்காரி விரட்டி, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது.

பெங்களூருக்கே இப்படி ஒருத்தி உண்டு. 1537இல் கெம்பேகவுடர் கோட்டை கட்டும்போது வாசல் நிற்காமல் இடிந்து இடிந்து விழுந்ததாம். கர்ப்பிணி ஒருத்தியின் பலி வேண்டும் என்றார்களாம். கவுடர் ஒப்பவில்லை. கர்ப்பமாக இருந்த மருமகள் லட்சுமிதேவி ராத்திரியில் தானாகவே போய் உயிரைக் கொடுத்தாள், வாசல் நின்றுவிட்டது என்பது ஊர் வழக்கு. கோரமங்களாவில் அவள் நினைவிடம் இருக்கிறது. இன்று ஸ்டார்ட்அப் கம்பெனிகளும் காபிக் கடைகளும் நெருங்கிக் கிடக்கும் இடம்.

இதை நம் பக்கத்துக் கொடுமை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அல்பேனியாவில் ஷ்கோடர் ஊர்க் கோட்டையின் கதை கைக்கு வந்தபோது அஜ்ஜி ஞாபகம்தான் வந்தது. மூன்று அண்ணன் தம்பிகள் பகலில் எழுப்பும் சுவர் ராத்திரியில் சரிகிறது. நாளைக்கு யாருடைய மனைவி சோறு கொண்டு வருகிறாளோ அவளைச் சுவரில் வைத்துக் கட்டுவது, வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று பேச்சு. பெரியவர்கள் இருவரும் ராத்திரியே மனைவியிடம் சொல்லிவிடுகிறார்கள். சின்னவன் மட்டும் வாக்கைக் காப்பாற்றுகிறான். சோற்றோடு வருகிறாள் ரோசாஃபா. விஷயம் தெரிந்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்: கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மார்பையும், தடவிக்கொடுக்க ஒரு கையையும், தொட்டிலை ஆட்ட ஒரு காலையும் மட்டும் மூடாமல் விடுங்கள். கிரேக்கத்தில் ஆர்த்தா பாலத்துக்குக் கொத்தனாரின் மனைவி. அஸ்திவாரக் குழியில் மோதிரம் விழுந்துவிட்டது, எடுத்து வா என்று அவளை இறக்குகிறார்கள். அங்கே மோதிரம், இங்கே தங்கக் கிண்ணம். ருமேனியாவில் ஆர்ஜெஷ் மடாலயத்துக்கு மேஸ்திரி மனோலேயின் மனைவி. சும்மா விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே சுவரை எழுப்புகிறார்கள். ஆலன் டண்டஸ் என்ற நாட்டாரியல் அறிஞர் 1996இல் இந்தக் கதைகளைப் பற்றிய கட்டுரைகளை ஒரே நூலாகத் தொகுத்தார். பால்கன் நாடுகளோடு நம் நாட்டுக் கதைகளும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

எங்கள் முற்றத்துக்கு அந்த நூல் வந்ததில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது தேவையும் இல்லை. ஆயா, அஜ்ஜி, பாயம்மா, நர்ஸக்கா ஆகிய நான்கு பேருக்கும் ஒருவருடைய தாய்மொழி இன்னொருவருக்குச் சரியாக வராது. பெங்களூரின் கலப்புப் பேச்சில்தான் கதை நடக்கும். இருந்தும் யாரும் யாரையும் பார்த்து ‘ஏன் அவள் அப்படி ஆனாள்’ என்று விளக்கம் கேட்டதில்லை. கேட்காமலே புரிந்தது.

பிரசவத்தில் செத்தவள் பேயாவாள் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கத்திச் சுடேல் அவள்தான். மலாய்க்காரர்களின் பொந்தியானாக் அவள்தான். இலங்கையில் ராத்திரி ரோட்டில் குழந்தையோடு நின்று, கொஞ்சம் பிடித்துக்கொள் என்று வழிப்போக்கனிடம் நீட்டும் மோகினியும் அவள்தான். ஜப்பானிலும் உபுமே என்று ஒருத்தி அதேபோல் குழந்தையை நீட்டுகிறாள். வாங்கியவன் கையில் அது கனத்துக் கனத்துக் கல்லாகிவிடுகிறது. நம் ஊரில் இதற்கு இன்னொரு வழி பண்ணினார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காகப் பாதையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். நட்ட கல் இரண்டு, மேலே படுக்கவைத்த பலகைக் கல் ஒன்று. தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் இறக்கிவைத்து ஏற்றிக்கொள்ளும் உயரம். அவள் இறக்க முடியாமல் போன சுமையை மற்றவர்களாவது இறக்கிவைக்கட்டும் என்று. ஆயா ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிடும். ஆயாவின் தங்கை தலைப்பிரசவத்தில் போனவள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்து, ஆயா போனபிறகுதான், பேச்சுவாக்கில் தெரிந்தது.

பயமுறுத்துவதற்காக அவர்கள் அந்தக் கதைகளைச் சொன்னதாக நான் நினைத்திருந்தேன். பிள்ளைகள் ஏரிப்பக்கம் போகாமல் இருக்க, இருட்டுவதற்குள் வீடு திரும்ப. அதுவும் உண்டுதான். ஆனால் மாமியார் காதில் விழும்படி, புருஷன் எதிரிலேயே, ஒரு மருமகள் பேச முடிந்த பேச்சு அந்த முற்றத்தில் அது ஒன்றுதான். என்னை இந்த வீட்டில் ஒதுக்குகிறார்கள் என்று சொன்னால் சண்டை. பாகீரதியைத் தங்கக் கிண்ணத்துக்காக அனுப்பினார்கள் என்று சொன்னால் கதை.

ஏ.கே. ராமானுஜன் மைசூரில் வளர்ந்த தமிழர். அவர் சேகரித்த கன்னடக் கதைகளில் ஒன்று இதைத்தான் சொல்கிறது. ஒருத்திக்கு ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரியும், ஆனால் யாருக்கும் சொல்ல மாட்டாள். உள்ளே கிடந்து மூச்சுத் திணறிய கதை, அவள் வாயைத் திறந்தபடி தூங்கும்போது வெளியே வந்து ஒரு ஜோடிச் செருப்பாக வாசலில் கிடந்தது. பாட்டு ஆண்பிள்ளைச் சட்டையாக ஆணியில் தொங்கியது. வீட்டுக்கு வந்த புருஷன் யாருடையது என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. சண்டை முற்றி, கம்பளியைத் தூக்கிக்கொண்டு அனுமார் கோயிலில் போய்ப் படுத்தான். அந்த ஊர் விளக்குகள் எல்லாம் அணைந்தபின் அனுமார் கோயிலில் கூடி வம்பளக்குமாம். அன்றைக்குக் கடைசியாக வந்த விளக்குதான் நடந்ததைச் சொன்னது. எங்கள் லைனில் எந்தக் கதையும் செருப்பாக மாற வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போயின. 1993இல் சன் டிவி வந்தது, சில வருஷத்தில் ‘மர்மதேசம்’ வந்தது. ‘விடாது கருப்பு’ ஓடும் வாரங்களில் முற்றம் காலி, எல்லாரும் டிவி இருந்த வீட்டில். இன்வெர்ட்டர் வந்தது. கரன்ட் போனாலும் யாரும் வெளியே வரவில்லை. நர்ஸக்கா வளைகுடாவுக்குப் போனார். பாய் குடும்பம் மகன் வீட்டோடு போயிற்று. 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரைக்கும் மெட்ரோ ஓடத் தொடங்கியது, அல்சூரில் ஒரு ஸ்டேஷன். நிலத்தின் விலை ஏறியதும் லைன் வீட்டுக்காரர் இடித்துவிட்டு நாலு மாடி கட்டினார். பச்சைக் கதவைப் பழைய சாமான்காரர் எடைக்கு எடுத்துப்போனார். முனி போகும் பாட்டை என்று ஆயா காட்டிய சந்தில் இப்போது ராத்திரி முழுக்க ஸோடியம் விளக்கு எரிகிறது, சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் இரண்டு மணிக்கும் அதே தடத்தில் போகிறார்கள்.

‘நாளே பா’ பிழைத்துக்கொண்டது. 2018இல் வந்த ‘ஸ்த்ரீ’ என்ற இந்திப் படம் அந்தக் கதவு எழுத்தை மத்தியப் பிரதேசத்துச் சந்தேரிக்குக் கொண்டுபோய், வசூலை வாரியது. படத்தைப் பார்த்துவிட்டு, கேலி செய்ய ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றியது. இதேபோல் 1990இல் தாய்லாந்தின் வடகிழக்குக் கிராமங்களில் ஆண்கள் நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டார்கள், வாசலில் மரத்தால் செதுக்கிய பெரிய ஆண்குறியை மாட்டினார்கள். சிங்கப்பூருக்குக் கூலி வேலைக்குப் போன இளைஞர்கள் தூக்கத்திலேயே செத்துப்போனார்கள். விதவைப் பேய் புருஷன் தேடி வருகிறது என்று ஊர் நம்பியது. அந்த மாதிரிச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதயத் துடிப்புக் கோளாறுதான் காரணம் என்று பின்னால் மருத்துவம் சொன்னது. அங்கேயும் வந்தவள் பெண், அவளுக்கு வேண்டியது வீட்டுக்குள் ஓர் இடம், வீட்டுக்காரர்கள் எப்படியாவது அவளை வாசலோடு அனுப்பப் பார்த்தார்கள்.

இப்போது வொயிட்ஃபீல்டில் பத்தாவது மாடி. கதவுக்கு விரல்ரேகைப் பூட்டு, வாசலில் கேமரா. யார் வந்தாலும் கீழே செக்யூரிட்டி போன் செய்து கேட்டுத்தான் அனுப்புகிறார். போன மாதம் லிஃப்டும் ஜெனரேட்டரும் சேர்ந்தாற்போல் படுத்துவிட்ட ஒரு சாயங்காலம், மகளுக்குப் பாகீரதியைச் சொன்னேன். அஜ்ஜி மாதிரியே விரலை மடக்கிப் படிகளை எண்ணினேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, பயந்துவிடுமோ என்று பார்த்தால் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கிண்ணத்தை யாருப்பா மறந்தது?”

“யாருமே மறக்கலம்மா. வேணும்னே வெச்சுட்டு வந்தாங்க.”

“அப்போ வெச்சவங்கதானே திரும்பிப் போகணும்? நான் போகமாட்டேன்னு அவ ஏன் சொல்லல?”

எங்கள் முற்றத்தில் அத்தனை ராத்திரிகளில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. அந்தப் பாட்டு அத்தனை தலைமுறையாகக் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான் என்று எனக்குப் படுகிறது. சமையலறையிலிருந்து என் மனைவி, “நல்லா கேளுடி” என்றாள்.